ஆண்ட் எழுதுவதா, && எழுதுவதா?

பிஎச்பியில் எழுதிய இந்த ஒரு வரியைப் பாருங்கள்.

$அனுமதி = $உறுப்பினர் ஆண்ட் $சந்தா_கட்டியவர்;

உறுப்பினராக இருக்க வேண்டும், சந்தாவும் கட்டியிருக்க வேண்டும், அப்போதுதான் அனுமதி. படிக்கிற யாரும் இப்படித்தான் பொருள் கொள்வார்கள். பிஎச்பி அப்படிக் கொள்வதில்லை. உறுப்பினர் என்பது மட்டும் உண்மையாக இருந்தாலே $அனுமதி உண்மையாகிவிடும். சந்தா கட்டாதவரும் உள்ளே வந்துவிடுவார். எச்சரிக்கை எதுவும் வராது, நிரல் நிற்காது, பிழைப் பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறாது. ஆண்ட் இருக்கும் இடத்தில் && போட்டுவிட்டால் அதே வரி நினைத்தபடி வேலை செய்யும்.

(ஆண்ட், ஆர், இஃப் போன்ற சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். நிரலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். மாறிகளுக்கும் நாமே எழுதும் ஃபங்ஷன்களுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். பிஎச்பி அதை ஏற்றுக்கொள்ளும்.)

தமிழ்நாட்டில் பிளஸ் 2 கணினிப் பயன்பாடுகள் பாடத்திலேயே பிஎச்பி இருக்கிறது. பள்ளியில் பழகிய கையோடு வேலைக்கு வருகிறவர்கள் ஏராளம். அவர்களிடம், “இரண்டும் ஒன்றுதான், எது பிடிக்கிறதோ அதை எழுதிக்கொள்ளுங்கள்” என்று மூத்தவர்கள் சொல்வதும் வழக்கம். அந்தப் பேச்சு எதுவரை சரி, எங்கே தவறு என்று நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சரியான பகுதி இது. பிஎச்பியின் உட்புறத்தில் && குறிக்கு பூலியன் ஆண்ட் என்றும், ஆண்ட் என்ற சொல்லுக்கு லாஜிக்கல் ஆண்ட் என்றும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. பழைய பதிப்புகளின் பிழைச் செய்திகளில் இந்தப் பெயர்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஆனால் இலக்கணத்தைப் பிரித்து முடித்தபின் இரண்டும் ஒரே உட்பொருளாகத்தான் மாறுகின்றன. இரண்டுமே இடப்பக்கத்தை முதலில் பார்க்கும். அது பொய் என்றால் வலப்பக்கத்தைத் தொடவே தொடாது. இரண்டின் விடையும் ட்ரூ அல்லது ஃபால்ஸ்தான். வேகத்திலும் வித்தியாசம் இல்லை. ஆகவே “ஆண்ட் மெதுவானது” என்று யாராவது சொன்னால் அதை விட்டுவிடலாம்.

வேறுபடுவது முன்னுரிமை மட்டும்தான். கூட்டலுக்கு முன் பெருக்கலைச் செய்வதுபோல, ஒரு வரியில் பல ஆபரேட்டர்கள் வந்தால் எது முதலில் என்று மொழி ஒரு வரிசை வைத்திருக்கிறது. பிஎச்பியின் வரிசையில் && முன்னே வருகிறது; அதன் பின் ||; அதன் பின் ?? குறியும் கேள்விக்குறி-முக்காற்புள்ளி இணையும்; அதற்கும் கீழே சமக்குறி, அதாவது மாறியில் மதிப்பை வைக்கும் =. அதையும் தாண்டி, வரிசையின் அடித்தட்டில் ஆண்ட், எக்ஸார், ஆர் மூன்றும் இந்த ஒழுங்கிலேயே நிற்கின்றன. நடுவில் சமக்குறி உட்கார்ந்திருப்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். முதலில் பார்த்த வரியை பிஎச்பி இப்படி வாசிக்கிறது:

($அனுமதி = $உறுப்பினர்) ஆண்ட் $சந்தா_கட்டியவர்;

உறுப்பினரின் மதிப்பு மாறிக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் சந்தா சோதிக்கப்படுகிறது. அந்தச் சோதனையின் விடையை வாங்கிக்கொள்ள ஆளில்லை. அது அப்படியே காற்றில் போய்விடுகிறது.

இவ்வளவு பெரிய பள்ளம் இருந்தும் பலர் ஆண்டுக்கணக்கில் ஆண்ட் எழுதி ஒரு சிக்கலும் காணாமல் இருப்பது எப்படி? அவர்கள் எழுதிய இடங்கள் அப்படி. இஃப் அடைப்புக்குள் இரண்டு மாறிகளை ஆண்ட் கொண்டு சேர்த்தால் அங்கே சமக்குறி இல்லை. விடை சரியாகவே வரும். ரிட்டர்னுக்குப் பிறகு எழுதினாலும் சரியாக வரும், ஏனென்றால் ரிட்டர்ன் ஒரு ஆபரேட்டர் அல்ல, தனக்குப் பின்னால் இருக்கும் முழுக் கோவையையும் எடுத்துக்கொள்ளும் கூற்று. எக்கோவும் அப்படியே. பிரிண்ட் மட்டும் அப்படி இல்லை. அது முன்னுரிமை வரிசையில் ஆண்டுக்கு மேலே ஓர் இடம் பிடித்திருக்கிறது. எக்கோவுக்குப் பின் ட்ரூ ஆண்ட் ஃபால்ஸ் என்று எழுதினால் எதுவும் அச்சாகாது. அதையே பிரிண்டுக்குப் பின் எழுதினால் 1 என்று அச்சாகும். இந்த இரண்டையும் ஒருமுறை உங்கள் கணினியில் ஓட்டிப் பாருங்கள். முன்னுரிமை என்பது புத்தகச் சங்கதி அல்ல என்பது கண்முன்னே தெரியும்.

உண்மையான ஆபத்து, நிரலைத் திருத்துகிற நாளில் வருகிறது. ஒரு ஃபங்ஷனில் இந்த வரி சரியாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள்:

ரிட்டர்ன் $உறுப்பினர் ஆண்ட் $சந்தா_கட்டியவர்;

விடையை அனுப்புவதற்கு முன் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று புதிதாக ஒரு தேவை வருகிறது. திருத்துகிறவர் அந்தக் கோவையை அப்படியே வெட்டி $விடை என்ற மாறியில் வைக்கிறார், பதிவு செய்கிறார், $விடையைத் திருப்பி அனுப்புகிறார். எந்தத் தர்க்கத்தையும் அவர் மாற்றவில்லை. ஆனாலும் ஃபங்ஷனின் பொருள் மாறிவிட்டது. கோவைக்கு ஒரு பெயர் வைத்தது ஒன்றுதான் அவர் செய்தது. நிரலாளர் தினமும் செய்கிற, செய்ய வேண்டிய, நல்ல பழக்கம் அது. நல்ல பழக்கத்தையே பிழையாக மாற்றிவிடும் எழுத்துமுறையை நான் ஆதரிக்க மாட்டேன்.

அப்படியானால் இந்தச் சொற்கள் மொழிக்குள் ஏன் இருக்கின்றன? ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்ட பிஎச்பிக்கு பெர்ல் மொழியின் சாயல் நிறைய உண்டு. பெர்லில் ஆண்ட், ஆர் இரண்டும் நிபந்தனைகளைச் சேர்ப்பதற்காக அல்ல, “இதைச் செய், முடியாவிட்டால் அதைச் செய்” என்று வேலையின் போக்கைச் சொல்வதற்காகவே பெரிதும் பயன்பட்டன. அந்த வழக்கம் பிஎச்பிக்கும் வந்தது. பழைய பாடநூல்களில் தரவுத்தளத்தோடு இணையும் ஒவ்வொரு வரியும் இப்படித்தான் இருக்கும்:

$இணைப்பு = தரவுத்தளத்தைத்_திற() ஆர் டை("இணைக்க முடியவில்லை");

இந்த வரியில் ஆர் மிகச் சரியாக வேலை செய்கிறது. முதலில் இணைப்பு மாறிக்குள் போகிறது. அது கிடைக்கவில்லை என்றால் நிரல் நிற்கிறது. இங்கே || போட்டால்தான் கெடும். $இணைப்புக்குள் இணைப்புக்குப் பதில் வெறும் ட்ரூ போய் உட்காரும். அடித்தட்டு முன்னுரிமை ஒரு குறைபாடாக மொழிக்குள் வரவில்லை. இந்த ஒரு வேலைக்காகவே வைக்கப்பட்டது. ஆண்ட், ஆர் பக்கம் நின்று சொல்லக்கூடிய நியாயமான வாதம் இதுதான்.

ஆனால் அந்த வேலையின் தேவை இப்போது பெருமளவு போய்விட்டது. பழைய மைஎஸ்க்யூஎல் நீட்சி 2015இல் வந்த பிஎச்பி 7.0இல் நீக்கப்பட்டது. இப்போதுள்ள தரவுத்தள நீட்சிகளில், 2020இல் வந்த 8.0 முதல் பிடிஓவும், 2021இல் வந்த 8.1 முதல் மைஎஸ்க்யூஎல்ஐயும் தவறு நேர்ந்தால் ஃபால்ஸ் தருவதில்லை. தாமாகவே விதிவிலக்கை எறிகின்றன. ஆகவே இன்றைய பிஎச்பியில் அவற்றின் பின்னால் ஆர் டை என்று எழுதினால், இயல்பு அமைப்பில் அந்த டை எட்டப்படவே போவதில்லை. கோப்பைத் திறப்பது போன்ற சில ஃபங்ஷன்கள் இன்னும் ஃபால்ஸ் தருகின்றன, உண்மைதான். அங்கேயும் 8.0 முதல் த்ரோ ஒரு கோவையாகிவிட்டதால் ?: குறிக்குப் பின் நேரடியாக விதிவிலக்கை எறியலாம், சமக்குறி குழப்பம் வராது.

படிக்க எளிது என்று ஆண்ட் எழுதுவோரும் உண்டு. அவர்கள் பக்கமும் ஒரு வரலாறு இருக்கிறது. கோட்இக்னைட்டர் என்ற பிஎச்பி சட்டகத்தின் பழைய எழுத்துநடை வழிகாட்டி || குறியைத் தவிர்க்கச் சொன்னது. சில திரைகளில் அது 11 போலத் தெரிகிறது என்பது அதற்குச் சொன்ன காரணம். பிஎச்பிக்குப் பக்கத்திலேயே எஸ்க்யூஎல் வரிகளையும் எழுதுகிறவர்களுக்கு, அங்கே எழுதிய கை இங்கேயும் தானாக ஆண்ட் எழுதும். பைத்தானிலிருந்து வருகிறவர்களுக்கோ அந்தச் சொல் மட்டும்தான் பழக்கம். பைத்தானில் மதிப்பை வைப்பது தனிக் கூற்று என்பதால் வலப்பக்கம் முழுவதும் கணக்கிடப்பட்ட பிறகே மாறிக்குள் போகும். அங்கே இந்தச் சிக்கல் எழாது. பைத்தானில் நன்றாகப் பழகியவர் பிஎச்பிக்கு வரும்போது இந்த ஒரு விஷயத்தை முதல் வாரத்திலேயே அவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

&& எழுதிவிட்டால் எல்லாம் சரி என்றும் இல்லை. நேர் எதிரான பள்ளம் ஒன்று இருக்கிறது:

இஃப் ($வரி = அடுத்த_வரி() && $எண்ணிக்கை < 10)

தரவிலிருந்து அடுத்த வரியை எடுத்து, எண்ணிக்கை 10க்குள் இருந்தால் அதைக் கையாள நினைக்கிறோம். ஆனால் && சமக்குறியை முந்திக்கொள்வதால், $வரிக்குள் தரவு வராமல் ட்ரூ வந்துவிடும். இதைப் பார்த்துச் சிலர் இங்கே ஆண்டுக்கு மாறுகிறார்கள். அது வேலையும் செய்யும். ஆனால் பின்னால் வருகிறவர் ‘சுத்தம் செய்கிறேன்’ என்று அதை && ஆக மாற்றிவிட்டால் மறுபடியும் உடையும். இதற்குச் சரியான மருந்து அடைப்புக்குறி. ($வரி = அடுத்த_வரி()) என்று அடைத்து, அதன் பின் && எழுதினால் யார் வந்து படித்தாலும் ஒரே பொருள்தான். இன்னும் நல்லது, எடுப்பதை ஒரு வரியிலும் சோதிப்பதை அடுத்த வரியிலும் எழுதுவது.

குறியையும் சொல்லையும் ஒரே கோவையில் கலப்பது இன்னும் மோசம். ஒரு கட்டுரையைத் திருத்த யாருக்கு அனுமதி என்று சோதிக்கும் நிபந்தனை இது:

$நிர்வாகி || $எழுதியவர் && !$பூட்டப்பட்டது

முதலில் && சேர்கிறது. நிர்வாகிக்கு எப்போதும் அனுமதி. எழுதியவருக்குக் கட்டுரை பூட்டப்படாதபோது மட்டும் அனுமதி. இதில் && இருக்கும் இடத்தில் ஆண்ட் போட்டால், || முதலில் சேர்ந்துவிடும். பூட்டப்பட்ட கட்டுரையை நிர்வாகியும் திருத்த முடியாது. சமக்குறியே இல்லாத இஃப் அடைப்புக்குள்ளும் பொருள் மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். எந்தப் பொருள் வேண்டுமோ அதை அடைப்புக்குறி போட்டுச் சொல்லிவிடுவதுதான் நேர்மையான எழுத்து. முன்னுரிமைப் பட்டியலை மனப்பாடம் செய்தவருக்கு மட்டும் புரிகிற நிபந்தனையை, அனுமதி சம்பந்தப்பட்ட இடத்தில் வைக்கவே கூடாது.

ஜாவாஸ்கிரிப்ட் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே || இடப்பக்கத்தின் மதிப்பையோ வலப்பக்கத்தின் மதிப்பையோ அப்படியே தரும். பிஎச்பியில் எப்போதும் ட்ரூ, ஃபால்ஸ்தான். $பெயர் = $உள்ளீடு || "விருந்தினர்" என்று எழுதினால் பெயருக்குப் பதில் ட்ரூதான் கிடைக்கும். இயல்பு மதிப்பு வேண்டுமென்றால் ?? எழுதுங்கள்; மாறி இல்லாதபோதும் நல் ஆக இருக்கும்போதும் மட்டும் அது வலப்பக்கத்துக்குப் போகும். ?: எழுதினால் வெற்றுச் சரமும் "0" என்ற சரமும்கூடத் தள்ளப்பட்டுவிடும், பூஜ்ஜியம் ஒரு செல்லத்தக்க விடையாக இருக்கும் படிவங்களில் இது கெடுதல் செய்யும்.

இனி ஒற்றை & குறியும் ஒற்றை | குறியும். இவை இன்னொரு வகை ஆண்ட், ஆர் அல்ல. எண்ணின் ஒவ்வொரு பிட்டையும் தனித்தனியாகப் பார்ப்பவை. ஒரு பட்டியலில் 2 பெயர்கள், இன்னொன்றில் 4 முகவரிகள். இரண்டும் காலியாக இல்லையா என்று சோதிக்க எண்ணிக்கைகளுக்கு நடுவே && போட்டால் ட்ரூ வரும். ஒற்றை & போட்டால் விடை 0. இருமத்தில் 2 என்பது 010, 4 என்பது 100. பொதுவான பிட் ஒன்றுகூட இல்லை. அதோடு ஒற்றைக்குறி எப்போதும் இரண்டு பக்கத்தையும் கணக்கிடும். பயனர் இருக்கிறாரா என்று இடப்பக்கத்திலும், அவர் கணக்கு நடப்பில் உள்ளதா என்று வலப்பக்கத்திலும் சோதிக்கும்போது நடுவில் & வந்துவிட்டால், பயனர் இல்லாத நாளில் நிரல் அங்கேயே விழுந்துவிடும்.

முன்னுரிமையிலும் இவை வேறு. == குறி ஒற்றை & குறியை முந்திக்கொள்ளும். $உரிமை & 4 == 4 என்று எழுதினால் 4 == 4 முதலில் கணக்காகி, உரிமையின் கடைசி பிட் மட்டும் சோதிக்கப்படும். இந்த விசித்திரம் சி மொழியிலிருந்து வந்தது. சியின் முன்னோடியான பி மொழியில் இரட்டைக்குறிகள் இல்லை; ஒற்றை & குறியே நிபந்தனைகளையும் சேர்த்தது. ஆலன் ஸ்னைடரின் யோசனைப்படி பின்னர் && வந்தபோதும், ஏற்கெனவே எழுதிய நிரல்கள் கெடக்கூடாது என்று & குறியின் இடத்தை மாற்றாமல் விட்டதாக டென்னிஸ் ரிட்சியே எழுதியிருக்கிறார். அரை நூற்றாண்டுக்கு முன் எடுத்த முடிவின் விளைவை இன்றைய பிஎச்பியிலும் அடைப்புக்குறி போட்டுச் சமாளிக்கிறோம்.

பிட் ஆபரேட்டருக்கு உரிய இடம் எது என்பதற்குத் தமிழ்த் தரவோடு வேலை செய்பவர்களுக்குத் தெரிந்த எடுத்துக்காட்டே இருக்கிறது. ஒரு பட்டியலை ஜேசனாக மாற்றும்போது தமிழ் எழுத்துகள் சாய்கோடும் பதினாறடிமான எண்களுமாகப் போய்விடும். எழுத்தாகவே வேண்டும் என்று சொல்லும் தேர்வின் மதிப்பு 256. படிக்க வசதியாக வரி பிரித்துத் தரும் தேர்வின் மதிப்பு 128. இரண்டையும் ஒற்றை | கொண்டு சேர்த்தால் 384. பிஎச்பி இரண்டையும் எடுத்துக்கொள்ளும். பழக்கத்தில் || போட்டுவிட்டால் விடை ட்ரூ. அது 1 ஆக மாறும். 1 என்பது கோணக்குறிகளை மாற்றி எழுதச் சொல்லும் வேறொரு தேர்வு. கேட்ட இரண்டும் நடக்காது, கேட்காத ஒன்று நடக்கும். கோப்பின் தலையில் கண்டிப்பான வகைச் சோதனையை அறிவித்திருந்தால் மட்டும் பிழை உடனே பிடிபடும்.

இரண்டு பக்கமும் கட்டாயம் ஓட வேண்டிய இடங்களும் உண்டு. படிவச் சோதனையைச் சொல்லலாம். பெயர், தொலைபேசி எண், ஊர் மூன்றையும் மூன்று ஃபங்ஷன்கள் சோதித்து, தவறு இருந்தால் செய்தி சேர்க்கின்றன. மூன்றையும் && கொண்டு கோத்தால் முதல் தவறோடு சோதனை நின்றுவிடும். பயனர் பெயரைத் திருத்தி அனுப்பிய பிறகுதான் எண் தவறு என்று அவருக்குத் தெரியும். அதையும் திருத்தினால் ஊர். இதற்காகச் சிலர் ஒற்றை & போடுகிறார்கள். விடை கிடைத்தாலும் அது வழியல்ல. அடுத்து வருகிறவர் அதை எழுத்துப்பிழை என்று எண்ணித் திருத்திவிடுவார். மூன்று விடைகளையும் மூன்று மாறிகளில் வாங்கிக்கொண்டு, கடைசியில் அந்த மாறிகளை && கொண்டு சேருங்கள். நிறுத்தக் கூடாத வேலையை && குறியின் வலப்பக்கத்தில் வைக்காதீர்கள் என்பதே பொதுவிதி.

இரண்டில் ஒன்று மட்டும் உண்மையா என்று பார்க்கும் எக்ஸாருக்கு, && போன்ற குறி வடிவம் பிஎச்பியில் இல்லை. அது தேவைப்பட்டால் முழுக்கோவையையும் அடைப்புக்குள் வையுங்கள். அல்லது இரண்டையும் பூலியனாக மாற்றி !== கொண்டு ஒப்பிடுங்கள்.

பழைய நிரலில் ஆண்ட், ஆர் நிறைய இருந்தால் ஒரே மூச்சில் தேடி மாற்றுவதில் இறங்க வேண்டாம். பிஎச்பி-சிஎஸ்-ஃபிக்ஸர் என்ற கருவியில் இந்த மாற்றத்துக்கென்றே ஒரு விதி இருக்கிறது. அதை உருவாக்கியவர்களே அதை அபாயமானது என்று குறித்து வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அடித்தட்டு முன்னுரிமையை யாராவது தெரிந்தே பயன்படுத்தியிருக்கலாம். சமக்குறியோடு சேர்ந்து வரும் ஆண்ட், ஆர் வரிகளை முதலில் தேடி எடுங்கள். ஒவ்வொன்றிலும் எழுதியவர் என்ன நினைத்தார், பிஎச்பி என்ன செய்கிறது என்று இரண்டையும் பாருங்கள். ஆர் டை என்று இருப்பவை பெரும்பாலும் நினைத்தபடியே ஓடுகின்றன. ஆண்ட் கொண்டு ஒரு மாறிக்குள் மதிப்பை வைக்கும் வரிகளில்தான் பிழை ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம்; அதில் ஒன்று அகப்பட்டால் திருத்துவதற்கு முன் அதற்கு ஒரு சோதனை எழுதிவிடுங்கள்.

புதிதாக எழுதும் நிரலில் என் பரிந்துரை ஒன்றே: நிபந்தனைகளைச் சேர்க்க && குறியும் || குறியும் மட்டும். இரண்டும் ஒரே கோவையில் வந்தால் அடைப்புக்குறி கட்டாயம். ஒற்றைக்குறிகள் பிட்டுகளுக்கு மட்டும். குழுவாக வேலை செய்கிறீர்கள் என்றால் பிஎச்பி கோட்ஸ்னிஃபரில் ஆண்ட், ஆர் சொற்களைத் தடுக்கும் ஸ்க்விஸ் விதியை இன்றே இயக்கி வையுங்கள்.